நமக்கென்று ஒரு துண்டு நிலம்

லயத்து வீட்டில் எத்தனை காலம் இருப்பது, நமக்கென்று ஒரு துண்டு நிலம் வேண்டாமா என்று நாம் எல்லாருமே பேசியிருக்கிறோம். ஒருவர் சம்பளத்தில் அது ஆகுமா என்று மலைத்தும் இருக்கிறோம்.

1950களில் வெள்ளைக்காரத் துரைமார் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினர். தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தனர். அப்போதுதான், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று ஆள் சேர்த்தார். பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அப்படிச் சேர்ந்த பணத்தில் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது.

நமக்கும் அதுவே வழி. ஏற்கெனவே நிலமோ வீடோ வாங்கியவர்களைத் தேடிப் பேசுவோம். அவர்கள் பட்ட பாடு நமக்குப் பாடம். பிறகு, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பட்டாவைச் சோதிப்போம். நிலம் யார் பெயரில் இருக்கிறது? அடமானம் உண்டா?

ஒன்றில் மிகுந்த கவனம் வேண்டும். தற்காலிக உரிமத்தில் பயிரிடும் நிலம் விற்பனைக்கு உரியதன்று. அந்த உரிமம் ஆண்டு முடிவில் காலாவதியாகும். இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று அதற்குப் பணம் கொடுத்தால், சேமிப்பும் போகும், நிலமும் வராது.

இன்றிரவு குடும்பத்தோடு அமர்ந்து, மாதம் எவ்வளவு ஒதுக்கலாம் என்று கணக்குப் பார்ப்போம்.