திரையில் எழும் வீடும் தரையில் எழும் வீடும்

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்" என்பது நம் முன்னோர் வாக்கு. வீடு கட்டுவோர் படும் பாட்டை இதனினும் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. அத்திவாரம் வெட்டிய பின்னர் அறை சிறிதென்று தோன்றும். தளம் போட்ட பின்னர் படிக்கட்டுக்கு இடம் போதாதென்று தெரியும். இத்தகைய குறைகளை முன்கூட்டியே கண்டு திருத்துவதற்கு இக்காலத்தில் நல்லதொரு துணை வாய்த்திருக்கின்றது. ஒரு கல்லேனும் வாங்குமுன் கணினித் திரையிலே வீடு முழுவதையும் எழுப்பி, விறாந்தையில் நின்று குசினியை நோக்குவது போல உலாவிப் பார்க்கலாம்.

இத்துறைக்கு வழி திறந்தவர்களுள் முதன்மையானவர் ஐவன் சதர்லண்ட் என்பவர். 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மஸாச்சூஸெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் ஆக்கிய 'ஸ்கெச்பாட்' என்னும் ஏற்பாட்டில், ஒளிப்பேனாவால் திரையிலே கோடு வரைய முடிந்தது. இரண்டு கோடுகள் சமாந்தரமாக இருக்க வேண்டுமென்று பணித்தால், கணினி அவற்றை அவ்வாறே அமைத்துத் தந்தது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஸ்கெச்அப்', இலவசமாகக் கிடைக்கும் 'ஸ்வீற் ஹோம் த்ரீ டி' முதலிய மென்பொருள்கள் அவ்வழியில் வந்தவையே. இன்று பாடசாலை மாணவரும் இவற்றைப் பயிலலாம்.

ஆயினும், தொடங்கிய சில நாட்களிலேயே பலர் சலிப்படைகின்றனர். சுவர் நிற்கின்றது, தரை வர மறுக்கின்றது. படிக்கட்டு அந்தரத்தில் மிதக்கின்றது. கூரையின் இரு பக்கங்களும் சேர மறுக்கின்றன. "யந்திரம் பிழை செய்கின்றது" என்று சிலர் கைவிடுகின்றனர். வேறு சிலர் குறை தெரியாதவாறு மேலே ஒரு பூச்சுப் பூசி மறைத்துவிடுகின்றனர். இரண்டாவது வழியே ஆபத்தானது. திரையில் தோன்றும் குறைகளுட் பெரும்பாலானவை எங்கோ ஓர் அளவு பிழைத்திருப்பதன் அறிகுறிகளாகும். அறிகுறியை மறைத்தால், அப்பிழை மேசனின் கைக்குப் போய்ச் சேரும்.

மூடாத மூலை

முதலில் தரை வர மறுப்பதை எடுத்துக்கொள்வோம். ஸ்கெச்அப்பில், கோடுகள் ஒரே தளத்தில் அமைந்து, இடைவெளியின்றி மூடினால் மாத்திரமே அவற்றினிடையே ஒரு பரப்பு உண்டாகும். ஒரு மூலையில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும், ஒரு முனை சற்றே மேலெழுந்திருந்தாலும் பரப்புத் தோன்றாது. கண் அதைக் காணாது, கணினி காணும். அளவின் முன்னே '~' என்னும் வளைந்த குறி தோன்றுமாயின், காட்டப்படும் எண் சரியான அளவன்று, அதற்கு அண்மையானது என்பது பொருள். 12 அடிச் சுவர் என்று எண்ணி வரைந்த இடத்தில் இக்குறியைக் கண்டால் அங்கேயே நின்று ஆராய வேண்டும். கோடு வரையும்போது அது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களுள் ஒன்றைப் பெறுகின்றதா என்று கவனித்தால் இப்பிழை பெரும்பாலும் நேராது. அந்நிறங்கள் நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று திசைகளுக்கு உரியவை.

இதைச் செய்யாது, வெறுமையாய்த் தோன்றும் இடத்தின்மேல் வேறொரு பரப்பை விரித்துவிடுவாருமுளர். அப்பரப்பு இன்னொன்றுடன் ஒரே மட்டத்தில் அமைந்துவிடின், எது முன்னே எது பின்னே என்று தீர்மானிக்க இயலாமல் திரை மினுமினுக்கத் தொடங்கும். ஒரு குறையை மறைக்கப் போய் இன்னொன்றைத் தேடிக்கொண்டதே மிச்சம்.

இன்னொரு விஷயம். ஸ்கெச்அப்பில் ஒன்றையொன்று தொடும் உருவங்கள் ஒட்டிக்கொள்ளும். மேசையை நகர்த்தினால் சுவரும் உடன் இழுபடுவது இதனாலேயே. சுவர், யன்னல், தளபாடம் என ஒவ்வொன்றையும் வரைந்து முடித்தவுடன் தனித்தனிக் குழுவாகக் கட்டிவைத்தால் இத்தொல்லை இல்லை.

அடியும் அங்குலமும்

நம் வீடுகளில் அடிக்கணக்கே இன்னும் பேச்சு வழக்கு. ஐந்தடி ஆறங்குலத்தைப் பலர் 5.6 என்று எழுதுவர். கணினி அதை ஐந்தடியும் ஓர் அடியின் பத்தில் ஆறு பங்கும் என்றே கொள்ளும். அதாவது 5 அடி 7.2 அங்குலம். ஐந்தடி ஆறங்குலம் வேண்டுமாயின் 5.5 என்று கொடுக்க வேண்டும். ஒரு யன்னலில் ஓர் அங்குலத்துக்கு மேல் வேறுபாடு வந்துவிட்டால், ஓடாவியார் செய்து கொண்டுவரும் நிலை சுவருக்குள் எப்படிப் பொருந்தும்?

பழைய வரைபடத்தைப் படமாக உள்ளிட்டு, அதன்மேல் சுவர்களை வரையும் வசதி ஸ்வீற் ஹோம் த்ரீ டியில் உண்டு. அப்படத்தில் நீளம் தெரிந்த ஓர் இடத்தைக் குறித்து, அதன் அளவைச் சொல்ல வேண்டும். பலர் மூன்றடிக் கதவொன்றைக் குறிப்பர். அங்கே ஓர் அங்குலம் தவறினால் 36 அடி நீளமான வீட்டில் 12 அங்குலம் தவறும். மாறாக, 36 அடிச் சுவரையே குறித்தால், அதே ஓர் அங்குலத் தவறு வீடு முழுவதற்கும் ஓர் அங்குலமாகவே நிற்கும். ஆகவே, வரைபடத்தில் உள்ள மிக நீண்ட அளவையே எடுத்துக்கொள்க.

படிக்கட்டின் கணக்கு

மேல்மாடி வைப்போர் படிக்கட்டிலேயே அதிகம் இடறுகின்றனர். கீழ்வீட்டுச் சுவரின் உயரம் 10 அடி என்றும், மேல்தளக் கொங்கிறீற்றின் தடிப்பு 5 அங்குலம் என்றும் கொள்வோம். ஏற வேண்டிய உயரம் 120 அங்குலமன்று, 125 அங்குலம். தடிப்பை மறந்தவரின் படிக்கட்டு மேல்தளத்துக்கு 5 அங்குலம் கீழே நின்றுவிடும். அதை மேலே தூக்கிவிட்டால் அடிப்படி தரையை விட்டு மிதக்கும்.

125 அங்குலத்தை 18 ஏற்றங்களாகப் பகுத்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 அங்குலம். பத்தங்குல அகலமுள்ள 17 மிதிபடிகளுக்கு 14 அடி 2 அங்குல நீளம் வேண்டும். இனி, மேல்தளத்தில் விடும் திறப்பைக் கவனியுங்கள். மேல்முனையிலிருந்து 6 அடி நீளத்துக்கு மட்டும் திறப்பு விட்டால், பத்தாவது படியில் நிற்பவருக்குத் தலைக்குமேல் உள்ள தளம் படியிலிருந்து 4 அடி 2 அங்குல உயரத்திலேயே இருக்கும். முட்டாமல் ஏற முடியுமா? ஐக்கிய அமெரிக்காவின் வீட்டுக் கட்டட விதிக்கோவை குறைந்தது 6 அடி 8 அங்குல வெளியைக் கேட்கின்றது. அதற்கு இத்திறப்பு 10 அடிக்குச் சற்று மேற்பட்டிருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்க்கும் அழகிய படத்தில் இது தெரியாது. பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தாலன்றி வெளிப்படாது.

கூரை சேராமை

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டைத் திரையில் அமைக்க முயல்வோர்க்கு வேறொரு சிக்கல் எழும். நடுமுற்றத்தைச் சூழ்ந்த நான்கு பகுதிகளிலும் கூரை ஒருபுறம் வெளியேயும், மறுபுறம் முற்றத்தை நோக்கியும் சாய்கின்றது. ஒரு பகுதி 20 அடி அகலம், அடுத்தது 12 அடி அகலம் எனின், இரண்டுக்கும் 30 பாகைச் சாய்வே கொடுத்தால் முதலாவதன் முகடு சுவரின்மேல் ஏறத்தாழ 5 அடி 9 அங்குலம் எழும். இரண்டாவதன் முகடு 3 அடி 5½ அங்குலமே எழும். இரண்டு முகடுகளும் ஒரே மட்டத்தில் சந்திப்பது எங்ஙனம்? இங்கே குற்றம் யந்திரத்தினதன்று. கணிதம் இயலாதென்று சொல்வதையே அது காட்டுகின்றது. ஒன்றில் சாய்வை மாற்ற வேண்டும், அல்லது சுவரை உயர்த்த வேண்டும், அல்லது சிறிய கூரை பெரிய கூரையின் சரிவிலே போய் முட்டுமாறு விட வேண்டும். எதைத் தேர்ந்தாலும், இரு சாய்வுகள் உட்புறமாகச் சந்திக்கும் பள்ளத்தில் மாரிமழை நீர் எவ்வழி ஓடும் என்பதையும், பீலி எங்கே வரும் என்பதையும் அப்போதே தீர்மானித்தல் நன்று.

தேடும் முறை

பிழை எங்கே என்று தெரியாதபோது பதறி எல்லாவற்றையும் அழித்தல் வேண்டாம். முதலில் கோப்பைப் பிரதி செய்து வைக்கவும். பின்னர் மாதிரியின் பாதியை மறைத்துப் பார்க்கவும். குறை இன்னும் தோன்றினால் அது எஞ்சிய பாதியில் உள்ளது. மறைந்தால் மறைத்த பாதியில் உள்ளது. இவ்வாறு பாதி பாதியாக நெருங்கினால் பிழை சில நிமிடங்களில் அகப்படும். மாணவர்க்கு இது வீட்டுப்படத்துக்கு மாத்திரமன்றி, பிழைத்துப்போன கணக்கு எதற்கும் உதவும் பழக்கமாகும்.

ஒன்றை மறத்தலாகாது. நிலம் எவ்வளவு பாரம் தாங்கும், வளைக்குள் எத்தனை கம்பி வேண்டும் என்பவற்றை இப்படங்கள் சொல்லமாட்டா. அதற்குப் பொறியியலாளர் வேண்டும். வீட்டுக்காரர் செய்யக்கூடியது வேறு. வேலை தொடங்குமுன், குடும்பத்தவர் ஒருமுறை திரையின் முன் கூடியிருந்து, ஒவ்வோர் அறையின் அளவையும், படிக்கட்டின் உயரத்தையும், கதவு திறக்கும் திசையையும் வாய்விட்டு வாசித்துச் சரிபார்ப்பாராக. திரையில் ஒரு சுவரை நகர்த்த ஒரு விரல் போதும். அதே சுவரைக் கட்டிய பின்னர் இடிப்பதாயின், ஆண்டுக்கணக்காகச் சேர்த்த பணமல்லவா சீமெந்துத் தூளோடு போகும்!