பெயர் மாறினால் சரக்கு மாறும்

லண்டன், டொராண்டோ தமிழ்க் கடைகளில் நம் தமிழ்நாட்டாரும் இலங்கைத் தமிழரும் சேர்ந்தே மளிகை வாங்குகிறார்கள். அங்கு சரக்கு அனுப்ப முன்வரும் நாம் பெயர்களில் கவனம் வைக்க வேண்டும்.

மணிலாக்கொட்டை என்பது மருவி வந்தவாசிப் பக்கத்தில் மல்லாட்டை ஆனது. இலங்கையில் அது கச்சான். நம் கடலை மிட்டாய் அங்கே கச்சான் அல்வா. திருநெல்வேலி அல்வா போலக் கிண்டியது அல்ல. நாம் சர்க்கரை என்பது அவர்களுக்குச் சீனி. நம் பிரெட் அங்கே பாண். போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சொல். வெறும் பருப்பு என்றால் நமக்குத் துவரம்பருப்பு, அவர்களுக்கு மைசூர்ப் பருப்பு.

கப்பலேறிய சரக்கைத் திருப்புவது எளிதல்ல. நஷ்டம் நம் தலையில். ஆகவே ஆர்டர் சீட்டில் பெயரோடு, எதில் செய்தது, பொட்டலம் எத்தனை கிராம் என்பதையும் எழுதி வாங்குவோம். முதலில் மாதிரி அனுப்பி, சரி என்ற பிறகே மூட்டை கட்டுவோம்.