சட்டியில் இறால் ஏன் சிவக்கிறது, தெரியுமா?

காட்டூர்ப் பக்கம் ஒரு வீட்டு அடுப்படியில் நின்று பாருங்கள். பழவேற்காடு ஏரியில் பிடித்த இறால், ஓட்டோடு சட்டியில் விழுகிறது. சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். இரண்டு புரட்டு புரட்டுவதற்குள் செக்கச்செவேல் என்று ஆகிவிடுகிறது! மிளகாய்த்தூள் இன்னும் டப்பாவிலேயே இருக்கிறது. அப்படியானால் அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது?

ஓட்டுக்குள்ளேயே இருந்தது! அதன் பெயர் அஸ்டாசாந்தின். இறாலைச் சமைக்கும்வரை ஒரு புரதம் அந்த நிறமியை இறுக்கிப் பிடித்து மறைத்து வைத்திருக்கும். சூடு பட்டதும் புரதத்தின் பிடி தளர, சிவப்பு வெளியே வந்துவிடுகிறது. பல்லில் பறி என்னும் கூடையைக் கவ்விக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் பறிக்குள் போவதும் இதே நிறமிதான். அதே ஏரிக்கு வரும் பூநாரையின் சிறகுக்கு ரோஜா நிறம் தருவதும் இதே குடும்பத்து நிறமிகள்தான். எல்லாவற்றுக்கும் மூலம், கண்ணுக்குத் தெரியாத பாசி!

இதற்கும் சர்க்கரை நோய்க்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரையும் வயிற்றில் கொழுப்பும் ஏற ஏற, செல்களை அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. இன்சுலின் சொல்வதை உடல் கேட்க மறுப்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. அவற்றை அடக்கும் ஆன்டிஆக்சிடன்ட்களில் அஸ்டாசாந்தின் பெரிய கை. ஈரானில் சர்க்கரை நோயாளிகள் 44 பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. தினம் 8 மில்லிகிராம் அஸ்டாசாந்தின், 8 வாரம். அதை எடுத்துக்கொண்டவர்களுக்கு வயிற்றுக்குள் படிந்த கொழுப்பும் ரத்த அழுத்தமும் குறைந்தன.

தெற்கே மன்னார் வளைகுடாவுக்குப் போனால் இன்னொரு அதிசயம். அங்கே பெண்கள் மூழ்கி எடுக்கும் கட்டக்கோரை, பக்கோடா பாசி போன்ற பழுப்புப் பாசிகளில் ஃபியூகோசாந்தின் என்ற நிறமி இருக்கிறது. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தார் 2005இல் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சேமித்து மட்டுமே வைக்கும் வெள்ளைக் கொழுப்பு, எரிந்து சூடாக வெளியேறத் தொடங்கியது! எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் சும்மா விடக்கூடிய சேதியா இது?

விடவில்லை. முன்பு மண்டபத்தில் தலைமையகம் வைத்திருந்து, இப்போது கொச்சியில் இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கடற்பாசிச் சாற்றிலிருந்து சர்க்கரை நோய்க்கு ஒன்று, கெட்ட கொழுப்புக்கும் உடல் பருமனுக்கும் ஒன்று எனக் காப்ஸ்யூல்களை உருவாக்கியிருக்கிறது. அவற்றின் பெயர் என்ன தெரியுமா? ‘கடல்மீன்’!

2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். அதனால்தான் இதை இவ்வளவு ஆசையோடு எழுதுகிறேன். அதனால்தான் இதையும் சொல்லியாக வேண்டும்: இறாலை எண்ணெயில் முக்கிப் பொரிக்காமல் குழம்பாக வைத்துச் சாப்பிடுங்கள். ஒரு தட்டு இறால் ஆய்வில் கொடுத்த அளவுக்கு ஈடாகாது. கடல் காப்ஸ்யூல் எதையும் உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் வாங்காதீர்கள். இப்போது போடும் சர்க்கரை மாத்திரையை நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.