ஒட்டு நகம் கழன்றால் பசை மட்டுமா குற்றவாளி?

சமயநல்லூர்:
கல்யாணம் என்றால் மஞ்சள், மருதாணி போதும் என்றிருந்த காலம் போயே போச்சு! இப்போது சமயநல்லூரில் பஸ் ஏறி, ஆரப்பாளையத்தில் இறங்கி, மதுரை பியூட்டி பார்லரில் ஒட்டு நகம் வைத்துக்கொண்டு வரும் மணப்பெண்களும் உண்டு. 10 விரலும் பளபள! ஆனால் பந்தியில் 2 நகம் கழன்று சாம்பாரில் விழுந்தால்?

"பசை மட்டம்", "பார்லர்ல ஏமாத்திட்டாங்க" என்று சண்டை கிளம்பும். நகத்தில் ஈரமும் எண்ணெயும் இருக்கும்போதே ஒட்டினால் நிற்காது என்பது வாஸ்தவம். ஆனால் எல்லா கேசிலும் பசை குற்றவாளி அல்ல. சில கேசில் ஆசாமி உடம்புக்குள்ளேயே ஒளிந்திருக்கிறான்.

ஆமை வேகம்

நகம் தோலுக்கு அடியில் உள்ள வேரில் உருவாகி வெளியே வருகிறது. கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழு நகமும் புதிதாக வர 6 மாதம் ஆகும்.

பூனாவைச் சேர்ந்த ஸ்ரீதர் சில்லால் 1952-ல் இடது கை நகம் வெட்டுவதை நிறுத்தினார். 2014-ல் கின்னஸ்காரர்கள் அளந்தபோது கட்டை விரல் நகம் மட்டும் 197.8 சென்டிமீட்டர்! கணக்குப் போட்டால் அதுவும் மாதத்துக்கு இரண்டரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். 2018-ல் நியூயார்க்கில் அதை வெட்டினார்கள்.

நகம் காட்டிக் கொடுக்கும்

கடும் காய்ச்சலில் படுத்து எழுந்தால், சில வாரம் கழித்து நகத்தின் குறுக்கே பள்ளக்கோடு தெரியும். வேர் வேலை நிறுத்தம் செய்த நாட்களின் அடையாளம் அது! பிரெஞ்சு டாக்டர் போ 1846-லேயே இதை எழுதி வைத்தார்.

இரும்புச் சத்து குறைந்தால் நகம் மெலிந்து கரண்டி போலக் குழியும். தைராய்டு சுரப்பு குறைந்தால் வளர்ச்சி மந்தம், தொட்டால் ஒடியும். உரிந்து போன நகத்தில் ஒட்டுவது, சுண்ணாம்பு உதிரும் சுவரில் போஸ்டர் ஒட்டுவது போலத்தான்.

மாத்திரையும் காரணம்

முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் நகத்தை நொறுங்க வைக்கலாம். எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் சாப்பிட்டுவிட்டு வெயிலில் அலைந்தால், சிலருக்கு நகமே சதையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். சில புற்றுநோய் மருந்துகளும் இப்படியே.

அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்! நிறுத்த வேண்டியது நகம் ஒட்டுவதைத்தான்.

நகம் வளர விற்கும் பயோட்டின் மாத்திரையிலும் ஒரு வில்லங்கம். தைராய்டு, மாரடைப்பு ரத்தச் சோதனைகளில் அது தப்பான முடிவு காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-ல் எச்சரித்தது. ரத்தம் கொடுக்குமுன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒட்டிய இடத்தில் அரித்தால் பசையிலுள்ள அக்ரிலேட் ஒவ்வாமையாக இருக்கலாம். ஒரு தடவை வந்தால் சுலபத்தில் போகாது. பல் அடைக்கும் பொருள்கூடச் சேராமல் போகலாம்.

100-க்கு 53

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு. நகம் விழுந்தால் திரும்ப ஒட்டலாம். ரத்தசோகையோடு பிரசவத்துக்குப் போனால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

ஒரு விரலில் கழன்றால் அடிபட்டிருக்கலாம். பத்திலும் கழன்றால் உடம்பையும் சந்தேகியுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்க்கக் காசு கிடையாது. முகூர்த்தத்துக்கு 6 மாதம் இருக்கும்போதே பார்த்து, மருந்தும் சாப்பிட்டால், அன்றைக்குச் சொந்த நகமே பளபளக்கும்!