கட்டியை எதிர்க்கும் குழியங்களை இனங்காணல்

கண்டியையும் அதனைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளையும் பொறுத்தவரை வாய்ப் புற்றுநோய் புதியதன்று. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் இது முதன்மையானது. வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் மெல்லும் வழக்கமே இதன் பெருங்காரணம். பாக்கு தனித்தும் புற்றை விளைவிக்க வல்லது என்பது 2004 இல் சர்வதேச அளவில் ஏற்கப்பட்டது. மலைக் குளிரில் நாள் முழுதும் உழைப்போரிடையே இவ்வழக்கம் வேரூன்றியுள்ளது. எனவே, உடல் புற்றை எவ்வாறு எதிர்க்கிறது என்னும் வினா நமக்கு வெறும் ஏட்டு வினா அன்று.

வெட்டியெடுத்த கட்டியின் மெல்லிய சீவலை நுணுக்குக்காட்டியில் நோக்கினால், புற்றுக் கலங்களுக்கிடையே நிணநீர்க்குழியங்கள் புகுந்திருப்பதைக் காணலாம். இவற்றுள் ரி-குழியங்களின் ஒரு வகை, பிறழ்ந்த புரதத் துணுக்குகளை மேற்பரப்பில் ஏந்தி நிற்கும் கலத்தை இனங்கண்டு, அதனைத் துளைத்து அழிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் ஸ்ரீவன் றோசன்பேர்க் குழுவினர் இக்குழியங்களைக் கட்டியிலிருந்து பிரித்து, ஆய்வுகூடத்தில் பெருக்கி, நோயாளருக்கே மீளச் செலுத்தினர். மெலனோமா என்னும் தோற்புற்றில் கிடைத்த பயனை 1988 இல் வெளியிட்டனர். இவ்வழி வந்த சிகிச்சையொன்று 2024 இல் அந்நாட்டில் அனுமதி பெற்றது.

ஆனால், கட்டியினுள் இருப்பன யாவும் கட்டியை எதிர்ப்பன அல்ல. அங்குள்ள குழியங்களிற் பல, முன்னர் தாக்கிய வைரசுகளை மட்டுமே அறிந்த வழிப்போக்கர். 2018 இல் வெளிவந்த ஆய்வுகள், சீடி39 என்னும் மேற்பரப்புப் புரதம் இவ்விரு திறத்தாரையும் வேறுபடுத்த உதவும் எனக் காட்டின. எதிரியை மீண்டும் மீண்டும் சந்தித்த குழியமே அதனைத் தாங்கி நிற்கிறது. எனினும், நெடும்போர் களைப்பையும் தருகிறது. போரிட்டதற்கான அடையாளமே சோர்வின் அடையாளமும் ஆகிறது. செலுத்தப்பட்ட குழியங்களுள், கட்டியை அறிந்திருந்தும் சோர்வடையாது தம்மைப் புதுப்பிக்கும் சிறு பிரிவே மெலனோமா நோயாளரிடம் நீடித்த பயன் தந்தது என 2020 இல் அறியப்பட்டது. ஆகவே, இலக்கை அறிதலும் பெருகும் ஆற்றலும் ஒருங்கே வாய்ந்த குழியத்தையே நாம் வல்லமை மிக்கதெனக் கொள்ளல் வேண்டும்.

ஒவ்வொரு நோயாளருக்கும் தனித்தனியே குழியம் வளர்க்கும் இச்சிகிச்சை மிகுந்த செலவுடையது. நாட்கூலியை நம்பி வாழும் குடும்பத்திற்கு அது எட்டாக்கனி. மறுபுறம், பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதார ஊழியர்கள் வாயின் முற்புற்று மாற்றங்களைக் கண்டறிய வல்லவர்கள் என்பதை இலங்கையில் நடைபெற்று 1984 இல் வெளியான ஆய்வு நிறுவியது. அதற்கு வேண்டுவன ஒளியும் பழகிய கண்களுமே. குழியத்தை இனங்காணும் ஆய்வு வளரட்டும். அதன் பயன் வந்து சேருமுன், நோயாளரைக் காலத்தே இனங்காணும் பணி தோட்டந்தோறும் நடைபெறல் வேண்டும். அறிவியலின் பயன் யாருக்கு என்னும் வினாவிற்கு விடை அங்கேதான் தொடங்குகிறது.