வீடு தேடிச் சென்ற சிசு சிகிச்சை

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில், நோயுற்ற சிசுவை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது பலருக்கும் இயலாத காரியமாயிருந்தது. ஆகவே, சிகிச்சையையே வீட்டுக்குக் கொண்டு செல்ல டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் ஆகிய இருவரும் முற்பட்டனர். 39 கிராமங்களில் அவ்வூர்ப் பெண்களே பயிற்சி பெற்றனர். சிசுவை நிறுத்து எடையைக் குறித்தல், உடற்சூட்டைக் காத்தல், கிருமித்தொற்றின் அறிகுறிகளை உணர்தல், பெற்றோரின் இசைவுடன் ஊசிமருந்து செலுத்துதல் ஆகியவை அவர்தம் பணிகளாம். ஒப்பிட்டு நோக்குதற்பொருட்டு வேறு 47 கிராமங்களிலும் கணக்கெடுக்கப்பட்டது.

1993-95இல், பயிற்சி பெற்றோர் பணியாற்றவிருந்த கிராமங்களில், உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 62 குழந்தைகள் முதல் 28 நாட்களில் மாண்டன. 1997-98இல் அத்தொகை சுமார் 25 ஆயிற்று. ஒப்பீட்டுக் கிராமங்களிலோ குறையவில்லை. 2011இல் மத்திய அரசு, ஆஷா பணியாளர் வாயிலாக வீட்டுவழிச் சிசுப் பராமரிப்பை நாடெங்கும் தொடங்கிற்று. பிறப்பையும் இறப்பையும் பிழையின்றிப் பதிந்த ஏடே இவ்வனைத்திற்கும் ஆதாரம் என்பதைக் களப்பணியாளர் மறவாதிருத்தல் வேண்டும்.