பெயரில்லாத ஆல்பம்

ஒரு ராக் குழு தன் பெயரையே அட்டையில் போடாமல் ஆல்பம் வெளியிடுமா? இங்கிலாந்தின் லெட் ஸெப்பலின் வெளியிட்டதே! இவர்களுடைய முதல் ஆல்பத்தையே ரோலிங் ஸ்டோன் பத்திரிகை கிழிகிழியென்று கிழித்திருந்தது. மூன்றாவதுக்கும் ஏகப்பட்ட திட்டு. கிதார் வாசித்த ஜிம்மி பேஜுக்கு வந்தது பாருங்கள் ரோஷம்! பெயரைப் பார்க்காதீர்கள், பாட்டைக் கேளுங்கள் என்று, 1971இல் வந்த நான்காவது ஆல்பத்தின் அட்டையில் குழுவின் பெயரும் இல்லை, தலைப்பும் இல்லை. காகிதம் உரிந்த பழைய சுவர். அதில் மாட்டிய படத்தில், முதுகில் விறகுக்கட்டோடு கூனி நிற்கும் ஒரு கிழவர். அவ்வளவுதான். ரிக்கார்டு கம்பெனிக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. பாவம், கடைக்காரர் என்ன சொல்லி விற்பார்? ஆனால் அந்தக் குழுவின் ஆல்பங்களிலேயே அதிகம் விற்றது இந்தப் பேரில்லாப் பிள்ளைதான்!